கடைசி நாலு நம்பர்

சங்கமித்ரா எங்கள் கேட் அறைக்கு முதல் நாள் வந்தபோது செருப்பைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்தாள். டிரெய்லர்கள் கிளப்பும் புழுதி தரையெல்லாம் மாவு கொட்டினாற்போலக் கிடக்கும் அறை அது. அங்கே யாரும் செருப்பைக் கழற்றி நான் பார்த்ததில்லை.

"போட்டுக்கினே வாம்மா, இது இன்னா கோயிலா?" என்றார் சூப்பர்வைசர் பொன்னுரங்கம்.

"கம்ப்யூட்டர் கீற ரூமுல செருப்பு போடக் கூடாதுன்னு கிளாஸ்ல சொல்லிக் குடுத்துட்டாங்க சார். பழக்கம் போவ மாட்டேங்குது," என்றாள். சொல்லிவிட்டுத் தன் காலைப் பார்த்துத் தானே சிரித்தாள். ஐந்து நிமிடத்தில் இரண்டு பாதமும் கறுத்துவிட்டன.

அது நடந்து நான்கு வருடமாகிறது. இப்போது எங்கள் கேட்டில் வண்டி எண்ணைக் கேமராவே படித்துக்கொள்கிறது. அன்றைக்கு இருந்த ஆறு ஜன்னல்களில் இரண்டுதான் மிச்சம். வேலை சுலபம்தான். ஆனாலும் மத்தியானம் மூன்று மணிக்குக் கடற்காற்று திரும்பி, மணலி எண்ணெய் ஆலைகளின் வாடை கொஞ்சம் விலகும்போது, பக்கத்து நாற்காலியை நான் இன்னும் ஒரு தடவை திரும்பிப் பார்க்கிறேன்.

எங்கள் யார்டு மாத்தூரைத் தாண்டி இருக்கிறது. துறைமுகத்திலிருந்தும் காட்டுப்பள்ளியிலிருந்தும் டிரெய்லர்கள் கொண்டுவரும் கன்டெய்னர்களை இறக்கி அடுக்கிவைக்கும் இடம். ஒரே நீள அறையில் ஆறு ஜன்னல்கள். உள்ளே வருகிற வண்டிக்கு மூன்று, வெளியே போகிற வண்டிக்கு இரண்டு, எடைமேடைக்கு ஒன்று. முதல் ஜன்னலில் நான். நான் திருவொற்றியூர்க் குப்பத்துப் பெண். எட்டாவதோடு பள்ளிக்கூடம் நின்றது. மீன் கூடை தூக்கிக் கழுத்து வலி வந்தபின் நாத்தனார் சொல்லிவைத்த வேலை இது. பேசாமல் உட்கார்ந்து செய்கிற வேலை என்பதால் எனக்குப் பிடித்துப்போனது.

வண்டி எண்ணை அடித்தால் அது கொண்டுவரும் கன்டெய்னர் எது, எந்த வரிசையில் இறக்க வேண்டும் என்று திரையில் வரும். சீட்டு எடுத்துக் கொடுத்தால் கேட் திறக்கும். அந்த சாஃப்ட்வேரைச் செய்து கொடுத்தது டோல்கேட் பகுதியில் ஒரு பேட்டரிக் கடைக்கு மேல் மாடியில் இருந்த சின்னக் கம்பெனி. மொத்தம் ஒன்பது பேர். அதில் டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்வது சங்கமித்ரா ஒருத்திதான். அவளுக்கு அப்போது இருபத்தாறு வயது.

அவள் வந்ததற்குக் காரணம் இருந்தது. அந்த வருடம் ஆடி மாதத்திலிருந்து எங்கள் திரைகள் நின்றுபோகத் தொடங்கின. நாளுக்கு மூன்று தடவை, சில நாள் நான்கு. என்ன அடித்தாலும் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். இருபது நிமிடம், அரை மணி. அதற்குள் டிரெய்லர் வரிசை மாத்தூர் வரை போய்விடும். ஓட்டுநர்கள் இறங்கி வந்து ஜன்னல் கம்பியைத் தட்டுவார்கள். பிறகு ஒன்றுமே நடக்காததுபோல எல்லாம் ஓடும்.

மேனேஜர் வால்டர் ராயபுரத்துக்காரர். சத்தம் போட மாட்டார். குரல் இறங்க இறங்கத்தான் எங்களுக்குப் பயம் ஏறும். அவர் டோல்கேட் கம்பெனியைக் கூப்பிட்டுப் பதினைந்து நாள் கெடு கொடுத்திருந்தார். அதற்குள் சரியாகாவிட்டால் வேறு கம்பெனி.

"யார்டு போச்சின்னா இந்தப் பொண்ணுக்கு வேலை போச்சி," என்று பொன்னுரங்கம் எங்களிடம் மெதுவாகச் சொன்னார். "மொதலாளி அப்டித்தான் சொல்லி அனுப்பிகிறாரு. டேட்டாபேஸு நீ பாக்குறது, நீயே சரி பண்ணு, இல்லாங்காட்டி வூட்ல குந்துன்னு. வியாசர்பாடி பொண்ணு. அப்பன் வேகன் ஷெட்ல கான்ட்ராக்ட்டு வேலை. வூட்ல இதுதான் மொத மாச சம்பளம்."

மத்தியானச் சோற்றுக்கு அவள் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள், நான் கேட்க மாட்டேன் என்பதால் இருக்கலாம். என் டப்பாவில் நெத்திலி வறுவல் இருந்தால் மூடியைத் திறக்கும்போதே அவளுக்குத் தெரிந்துவிடும். "அக்கா, இன்னிக்கு எனக்கு லாட்டரி," என்பாள். அவள் அம்மா கொடுத்துவிடும் பருப்புக் கடைசலை நான் எடுத்துக்கொள்வேன்.

பேசாத ஆளிடம் பேசுவது சுலபம் போலிருக்கிறது. தன் வேலையைப் பற்றி அவளாகவே சொன்னாள்.

"நீங்க அடிக்கிறதெல்லாம் இங்க இல்லக்கா. மும்பையில ஒரு பெரிய கம்பெனிக்காரன் மிஷின்ல எடம் வாடகைக்கு எடுத்திருக்கோம். மிஷினை அவன் பாத்துக்குவான். பூட்டுறது, காப்பி எடுத்து வைக்கிறது எல்லாம் அவன் பாடு. உள்ள இன்னா வைக்கிறோம், எப்டித் தேடுறோம்ன்றது நம்ம பாடு."

அந்த மிஷினை நீ பார்த்திருக்கிறாயா என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.

அவளிடம் ஒரு கோடு போடாத நோட்டு இருந்தது. லேப்டாப்பில் ஓடும் ஒரு கோட்டைப் பார்த்துப் பார்த்து அதைப் பென்சிலால் நோட்டில் வரைவாள். மிஷின் எவ்வளவு வேலை செய்துகொண்டிருக்கிறது என்பதை அந்தக் கோடு காட்டுமாம். சாதாரணமாகப் பத்து, பதினைந்தில் கிடக்கும். திரைகள் நிற்கிற நேரத்தில் சுவர் ஏறுவதுபோல நூறுக்குப் போய், அங்கேயே மேசைப் பலகைபோல நிற்கும். அந்த மேடுகள் ஒவ்வொன்றின் கீழேயும் தேதியும் மணியும் எழுதியிருந்தாள். இருபத்தேழு மேடுகள் இருந்தன. நான் எண்ணினேன்.

"மொதல்ல காப்பி எடுக்கிற நேரமோன்னு நெனச்சேன். அது விடிகாலையில எடுக்குது, இது பகல்ல வருது. அப்பால ஆபீஸ்ல எடுக்கிற பெரிய ரிப்போர்ட்டோன்னு அத்த நிறுத்திப் பாத்தேன். அதுவும் இல்ல. அதைவிடப் பெரிய மிஷினா மாத்தினோம். ஒரு வாரம் கம்முனு இருந்திச்சி. அப்பால அதுவும் நூறு."

"அப்போ?"

"எந்தத் தேடல் மிஷினை அதிகமா இழுக்குதுன்னு அவன் ஒரு பட்டியல் குடுப்பான். அதுல வண்டி நம்பர் தேடுறதுதான் மொத எடம். ஆனா நான் அடிச்சா கண்ணு சிமிட்டுறதுக்குள்ள வருதுக்கா! ஒரே தேடல், ஒரு நேரம் பறக்குது, ஒரு நேரம் படுத்துக்குது. யாரு இன்னா நம்பர் அடிச்சாங்கன்னு அந்தப் பட்டியல்ல பாக்க முடியாது. நம்பர் இருக்கிற எடத்துல கேள்விக்குறிதான் போட்டிருக்கும். ரகசியம் வெளிய போவக் கூடாதுன்னு."

நோட்டைத் திருப்பி என்னிடம் காட்டினாள். "இன்னொண்ணு பாருங்க. ஒரு நாளு பதினொண்ணு பத்து, ஒரு நாளு பதினொண்ணே முக்கால். மிஷின் தானா செய்யறதா இருந்தா நிமிஷம் தவறாது. இது மனுசன் செய்யறது. அதான் இங்க வந்து குந்திகினு கீறேன்."

நான் தலையைக் குனிந்துகொண்டு நெத்திலியில் இல்லாத முள்ளைத் தேடினேன்.

எங்கள் பக்கத்தில் டிரெய்லருக்குப் பெயர் அதன் கடைசி நான்கு எண்கள்தான். ஓட்டுநரின் பெயரே தெரியாமல் பத்து வருடம் பழகியவர்கள் உண்டு. "நாப்பத்திநாலு பதினேழுக்குப் பொண்ணு பொறந்திருக்கு" என்பார்கள். "முப்பது அறுபது ஆஸ்பத்திரில கீறான்" என்பார்கள். ஜன்னலுக்கு வந்தாலும் அந்த நான்கைத்தான் கத்துவார்கள். முழு எண் வேண்டும் என்றால் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்து காகிதத்தை எடுக்க வேண்டும், முணுமுணுக்க வேண்டும். டிரெய்னிங்கில் முழு எண்ணையும் முதல் எழுத்திலிருந்து அடிக்கத்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

ஒரு நாள் டி.என். அடிப்பதற்காக ஷிஃப்ட் விசையை அழுத்தினேன். உப்புக் காற்றில் அந்த விசை உள்ளேயே ஒட்டிக்கொள்ளும். அதற்குள் ஓட்டுநர் "அம்பது தொண்ணூத்திரெண்டு!" என்று கத்த, பதற்றத்தில் டி.என்.னை விட்டுவிட்டு ஐந்தை அழுத்திவிட்டேன். ஐந்து விழவில்லை. அதன் தலைமேல் இருக்கும் சதவீதக் குறி விழுந்தது. விசை மேலே வந்துவிட்டதால் மற்ற மூன்று எண்களும் சரியாக விழுந்தன. அழிப்பதற்குள் எண்டரையும் தட்டிவிட்டேன். அவருடைய வண்டி திரையில் வந்து நின்றது.

மறுபடி செய்து பார்த்தேன். அந்தக் குறியைப் போட்டுக் கடைசி நான்கை அடித்தால் எந்த வண்டியும் வந்தது. இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் பக்கத்து ஜன்னல் நவ்ரீனுக்குக் காட்டினேன். "அடிப்பாவி, இத்த வச்சிகினு கம்முனு இருந்தியா!" என்று என் முதுகில் ஒன்று வைத்தாள். ஒரு வாரத்தில் ஆறு ஜன்னலும் அப்படித்தான் அடித்தன. வரிசை வேகமாக நகர்ந்தது. ஓட்டுநர் அத்தாவுல்லா, அந்த நாற்பத்துநான்கு பதினேழு, "மலரு ஜன்னல்னா வண்டி நிக்காமலே போவலாம்" என்று சாலையெல்லாம் சொன்னார். என் வாழ்க்கையில் நான் கண்டுபிடித்த ஒரே விஷயம் அது. உள்ளுக்குள் எனக்குப் பெருமையாக இருந்தது.

சங்கமித்ரா வருகிறாள் என்றதும் பொன்னுரங்கம் எங்களைக் கூப்பிட்டு நிறுத்தினார்.

"அந்தப் பொண்ணு குந்திகினு இருக்கச் சொல்லோ ஒழுங்கா முழு நம்பர் அடிங்க. குறி கிறின்னு எவளாவது கைய வச்சீங்க, அப்பால பழி மொத்தமும் நம்ம தலையில வந்து வுழும். இன்னா, புரிஞ்சிதா?"

"புரிஞ்சிதுண்ணா," என்றோம் எல்லோரும். நானும்தான்.

அவள் திங்கட்கிழமை காலையிலிருந்து சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தாள். நாங்கள் முழு எண் அடித்தோம். வரிசை மெதுவாக நகர்ந்தது, ஆனால் நகர்ந்தது. கோடு ஏறவில்லை. செவ்வாய்க்கிழமையும் ஏறவில்லை. புதன்கிழமையும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அவள் மிஷினில் ஏதோ ஒரு அமைப்பை மாற்றியிருந்தாளாம். அதுதான் வேலை செய்துவிட்டது என்று நம்பினாள்.

"நான் பக்கத்துல குந்தினா அது வெக்கப்படுது போலக்கா," என்று சிரித்தாள். அந்த மூன்று நாளும் அவள் சிரிக்கச் சிரிக்க என் டப்பாவை அவள் பக்கமே தள்ளிவைத்தேன்.

புதன்கிழமை சாயங்காலம் வால்டர் அறைக்குப் போய், "சரியாயிடுச்சி சார்," என்று சொல்லிவிட்டு வந்தாள். வரும்போது அவள் கையில் எல்லோருக்கும் தேன்மிட்டாய் இருந்தது.

வியாழக்கிழமை அவள் வரவில்லை. பதினொன்றரைக்கு, துறைமுகத்தில் ஷிஃப்ட் மாறியதும் வெளியே விட்ட வண்டிகள் மந்தையாக வந்து நின்றன. ஆறு ஜன்னலிலும் கைகள் பழைய வழிக்குத் திரும்பின. என் கையும்தான். வட்டம் சுற்றத் தொடங்கியது. மறுபடி மறுபடி எண்டரைத் தட்டினோம். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் இருந்தால் இது வருவதில்லை. போனால் வருகிறது. வெட்கமும் இல்லை, ஒன்றும் இல்லை. நாங்கள்தான்.

அன்று மூன்று தடவை கேட் நின்றது. வால்டர் டோல்கேட்டுக்குப் போன் செய்தது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. உதடு அசைந்தது, குரல் வெளியே வரவில்லை. சனிக்கிழமை கடைசிப் பேச்சு என்று பொன்னுரங்கம் வந்து சொன்னார்.

"அண்ணா, அந்தப் பொண்ணாண்ட சொல்லிடலாமே," என்றேன்.

"எத்த சொல்லுவ? நீதான் சொல்லிக் குடுத்தன்னு சொல்லுவியா? மூணு நாளா மறைச்சோம்னு சொல்லுவியா? உனக்கும் வேலை போவும், எனக்கும் போவும். கம்முனு கெட."

வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் எல்லையம்மன் கோயில் நிறுத்தத்தைத் தவறவிட்டு இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்கி நடந்தேன்.

வெள்ளிக்கிழமை அவள் வந்தாள். நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு நோட்டைப் பிரித்து, முந்தின நாள் மேடுகள் மூன்றையும் வரைந்தாள். கண் வீங்கியிருந்தது. நவ்ரீன் டீ வாங்கி வந்து வைத்தாள். டீ ஆடை கட்டியது.

அத்தாவுல்லாவின் வண்டி ஜன்னலுக்கு வந்து மூச்சு விட்டு நின்றது. "நாப்பத்திநாலு பதினேழு! சீக்கிரம் வுடும்மா மலரு, காத்தால நாஸ்தாகூட துன்னல!"

பொன்னுரங்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஷிஃப்டை அழுத்தி, ஐந்தைத் தட்டி, பிறகு நான்கு எண்களையும் ஒவ்வொன்றாக அடித்தேன். எண்டர். வண்டி திரையில் வந்தது.

சங்கமித்ரா பார்க்கவில்லை. அவள் நோட்டிலேயே குனிந்திருந்தாள்.

அது போதும் என்று நான் நினைத்திருந்தேன். வாயைத் திறக்காமலே அவளுக்குத் தெரிந்துவிடும் என்று. இப்போது வேறு வழியில்லை.

"சங்கமித்ரா," என்றேன். அதுவரை அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "இங்க பாரு."

மறுபடி செய்து காட்டினேன்.

"இன்னாக்கா அது?"

"நாங்க இப்டித்தான் தேடுவோம். நீ இல்லாதப்போ."

அவள் திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "எத்தினி பேரு?"

"எல்லாரும்."

"எத்தினி நாளா?"

"ரெண்டு வருசம்."

"வட்டம் சுத்துனா இன்னா பண்ணுவீங்க?"

"திரும்ப அடிப்போம். வர்ற வரைக்கும்."

அவள் மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நான் கையை அவள் முதுகில் வைத்தபோதுதான், சிரிக்கிறாள் என்று தெரிந்தது. பிறகு கொஞ்சம் அழவும் செய்தாள்.

"இன்னாம்மா, சிரிப்பா அழுகையா, ஒண்ண முடிவு பண்ணு. என் சீட்டு எங்க?" என்றார் ஜன்னலுக்கு வெளியே அத்தாவுல்லா.

"குடுங்கக்கா, அவருக்கு மொதல்ல குடுங்க," என்று கண்ணைத் துடைத்தாள். பிறகு எனக்கு விளக்கினாள். "ஓட்டு போடுற எடத்துல பட்டியல் வச்சிகினு குந்தியிருப்பாங்கல்ல? வீட்டு நம்பர் வரிசையில அடுக்கியிருக்கும். வீட்டு நம்பர் சொன்னா டக்குனு எடுத்துடுவாங்க. 'பேரு அம்மான்னு முடியும், தேடிக் குடு'ன்னா? மொத பக்கத்துலேந்து கடைசி வரைக்கும் பெரட்டணும். இதுல பதினோரு லட்சம் வரி கீதுக்கா. நீங்க வாலப் புடிச்சித் தேடுறீங்க. ஒவ்வொரு தடவையும் பதினோரு லட்சத்தையும் பெரட்டுது. ஆறு பேரும் ஒரே நேரத்துல, அதுவும் திரும்பத் திரும்ப அடிச்சா, அது இன்னா பண்ணும் பாவம்?"

"மொதல்ல நல்லாத்தானே இருந்திச்சி?"

"மொதல்ல பட்டியல் சின்னது. ஒவ்வொரு வண்டியும் வரச் சொல்லோ ஒரு வரி ஏறுது. அதான் ஆடியில வந்து நின்னுடுச்சி."

லேப்டாப்பை எல்லோருக்கும் தெரிகிறாற்போலத் திருப்பி வைத்தாள். "எல்லாரும் அந்தக் குறி போட்டு அடிங்க. பயப்படாதீங்க."

"எனக்கு ஒண்ணியும் தெரியாதும்மா," என்று பொன்னுரங்கம் வெளியே போய்விட்டார். நாங்கள் ஆறு பேரும் அடித்தோம், தட்டினோம். ஒரு நிமிடம் கோடு அசையவில்லை. பிறகு செங்குத்தாக ஏறியது. இத்தனை நாளாக எந்தக் கோட்டைப் பார்த்து முகம் சுண்டினாளோ, அதைப் பார்த்து அவள் கைதட்டினாள்.

போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க பேரு வராதுக்கா," என்று சொன்னாள்.

சனிக்கிழமை மத்தியானம் அந்த வாரத்துச் சீட்டுக் கட்டுகளை வால்டர் அறையில் கொண்டுபோய் வைப்பது என் வேலை. கதவைத் தள்ளியபோது உள்ளே நான்கு பேர் இருந்தார்கள். வால்டர், பொன்னுரங்கம், சங்கமித்ரா, அவள் முதலாளி. முதலாளி அவளுக்கு ஒரு நாற்காலி தள்ளியே உட்கார்ந்திருந்தார்.

"புதன்கிழமை சரியாயிடுச்சுன்னு சொன்னீங்க," என்றார் வால்டர். குரல் கிட்டத்தட்டக் கேட்கவே இல்லை. "இன்னைக்கு என் ஆளுங்க தப்பா அடிக்கிறாங்கன்னு சொல்றீங்க. யாரு அடிச்சாங்க?"

"அது பட்டியல்ல தெரியாது சார். கேள்விக்குறிதான் வரும்."

"பொன்னுரங்கம்?"

"நம்ம ஆளுங்க டிரெய்னிங் குடுத்தபடிதான் அடிக்கிறாங்க சார். மூணு நாளு இந்தம்மாவே குந்திகினு பாத்தாங்க. கேளுங்க."

"பாத்தீங்களா?"

"பாத்தேன் சார்," என்றாள் சங்கமித்ரா. "அப்போ முழு நம்பர்தான் அடிச்சாங்க. நேத்து..."

"நேத்து நீங்க அடிக்கச் சொல்லி அடிச்சாங்க. அது ஆதாரமா?"

அவள் முதலாளி தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "சார், வேற ஆளை வச்சி நாங்க..." என்று தொடங்கினார். சங்கமித்ரா கீழே பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை. பார்த்தால் நான் அகப்பட்டுக்கொள்வேன் என்றுதான் பார்க்கவில்லை.

சீட்டுக் கட்டு என் கையிலேயே இருந்தது.

"சார், நான்தான்," என்றேன்.

வால்டர் நிமிர்ந்தார். நான் அந்த யார்டில் வேலைக்குச் சேர்ந்து ஏழு வருடத்தில் அவர் என் குரலைக் கேட்டிருக்கவே மாட்டார் என்று நினைக்கிறேன். "என்ன நீங்கதான்?"

"அந்தக் குறி போட்டுக் கடைசி நாலு நம்பர் அடிக்கிறத நான்தான் எல்லாருக்கும் சொல்லிக் குடுத்தேன். ரெண்டு வருசமா அப்டித்தான் அடிக்கிறோம். இவங்க வந்தப்போ மறைச்சிட்டோம். இவங்க இருந்தா நிக்காது, போனா நிக்கும். அதுக்கு அதான் காரணம் சார். இவங்க சொல்றது நெசம்."

மூச்சு வாங்கியது, படகைக் கரைக்கு இழுத்தாற்போல. பொன்னுரங்கம் மேலே மின்விசிறியைப் பார்த்தார்.

"ஏன் மறைச்சீங்க?"

"பயம் சார்."

வால்டர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "சரி. திங்கட்கிழமையிலேந்து முழு நம்பர். மீறினா வேலை கிடையாது."

"வேணாம் சார்!" என்றாள் சங்கமித்ரா. அவள் எழுந்தே விட்டாள். "முழு நம்பர் அடிச்சா வரிசை எவ்ளோ மெதுவா நகருதுன்னு அந்த மூணு நாளும் பாத்தேன். இங்க அந்த நாலு நம்பர்தான் சார் வண்டிக்குப் பேரு. அத்த கேட்டுத் தெரிஞ்சிக்காம தேடுற பெட்டியைச் செஞ்சது நாங்க. அந்தக் குறியை உள்ள வுட்டதும் நாங்க. கடைசி நாலு நம்பருக்குன்னு தனியா ஒரு பட்டியல் போட்டு, அத்த வரிசையா அடுக்கித் தரேன். குறியே வேணாம். வெறும் நாலு அடிச்சா போதும்."

"எப்போ?"

"திங்கட்கிழமை காலையில."

வால்டர் அவள் முதலாளியைப் பார்த்தார். "வேற ஆளைப் பத்தி ஏதோ சொல்ல வந்தீங்களே?"

"இல்ல சார், ஒண்ணுமில்ல," என்றார் அவர்.

திங்கட்கிழமை பதினொன்று இருபதுக்கு மந்தை வந்தது. நான்கு எண் அடித்தேன். விரலை எடுப்பதற்குள் வண்டி திரையில் நின்றது. அடுத்தது. அதற்கடுத்தது. நவ்ரீன் தன் ஜன்னலிலிருந்து, "இன்னாடி இது, நாம தூங்கி வழிஞ்சா அது முழிச்சிகினு கீது!" என்றாள். ஒரு மணிக்கு டோல்கேட்டிலிருந்து எனக்குப் போன் வந்தது. "அக்கா, கோடு பன்னெண்டைத் தாண்டலக்கா! காலையிலேந்து பன்னெண்டைத் தாண்டவே இல்ல!" பின்னால் பேருந்து ஹாரன்களின் சத்தத்தில் மற்றது கேட்கவில்லை.

பொன்னுரங்கம் பத்து நாள் என்னோடு பேசவில்லை. பிறகு அவராகவே, "இன்னாமா, சார் ரூமுல போயி லெக்சர் குடுக்கிற ஆளு, எங்களாண்டல்லாம் பேசுவியா?" என்று ஆரம்பித்தார். அதோடு சரியாகிவிட்டது. என் வேலையும் போகவில்லை.

சங்கமித்ரா அதே மாடியில் மேலும் இரண்டு வருடம் இருந்தாள். மாதம் ஒரு தடவையாவது எங்கள் அறைக்கு வந்து உட்காருவாள். வேலை இருந்தது என்பாள். பாதி நாள் வேலை ஒன்றும் இருக்காது. புதிதாக எதையும் செய்வதற்கு முன் எங்களிடம் வந்து, "நீங்க இத்த எப்டி டபாய்ப்பீங்க, சொல்லுங்க," என்று கேட்பாள். நாங்கள் போட்டி போட்டுக்கொண்டு சொல்வோம். புத்த பௌர்ணமிக்கு வியாசர்பாடிக்குக் கூப்பிட்டாள். ஹவுசிங் போர்டு வீட்டின் மூன்றாவது மாடி. அவள் அப்பா பால் சோறு போட்டுக் கொடுத்துவிட்டு, "இவ பேச்சுல பாதி உங்க பேச்சுதாம்மா," என்றார். நான் இன்னும் கொஞ்சம் சோறு வாங்கிக்கொண்டேன்.

பிறகு பெங்களூரில் ஒரு பெரிய கம்பெனி அவளைக் கூப்பிட்டது. ராஜினாமாக் கடிதம் கொடுத்த அன்று மத்தியானம் நேராக எங்கள் அறைக்குத்தான் வந்தாள். நான் சுறாப் புட்டு கொண்டுவந்திருந்தேன். டப்பாவைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு, வாய் நிறையப் புட்டோடு சொன்னாள்:

"மொதலாளி இன்னா சொன்னாரு தெரியுமாக்கா? 'ரெண்டு மாசம் இருந்துட்டுப் போம்மா, சம்பளம் ஏத்தித் தரேன்'ன்றாரு. அதே மனுசன். அன்னிக்குப் போன்னாரு, இன்னிக்குப் போவாதன்றாரு."

"நீ இன்னா சொன்ன?"

"போறேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்," என்றாள். "மிச்சப் புட்டும் எனக்குத்தானே?"